இடப்பக்கம் நீந்தியவள்

கிணற்றுக்குள் எட்டுப் பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியின் பேரைக் கூப்பிடுகிறாள். கூப்பிடப்பட்டவள் "இருக்கேன்" என்கிறாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்தவளின் பேரைக் கூப்பிடுகிறாள். இப்படியே பேர்கள் தண்ணீரின்மேல் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வருகின்றன. கருங்கல் சுவரில் பட்டு ஒவ்வொரு பேரும் இரண்டாகிறது. சுவர் இடுக்கில் கூடு வைத்திருக்கும் மைனாக்கள் பதறிப் பறக்கின்றன. மத்தியான வெயில் கிணற்றின் பாதி வரைக்கும் இறங்கி, கோடு கிழித்தாற்போல அங்கேயே நின்றுவிடுகிறது. கோட்டுக்குக் கீழே பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர். அதில் நான். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டிய ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு நான். அந்த நாட்களை நினைத்தால் முதலில் காதுக்கு வருவது இந்தச் சத்தம்தான். அதன் பின்னாலேயே, இதே சத்தத்தில் என் பேர் மட்டும் இல்லாமல் போன ஒரு மத்தியானமும் வரும்.

எனக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். காலையில் ஒரு மணி நேரம் வெளியாட்களையும் விடுகிறார்கள். நீல ஓடு பதித்த தரை, நேர்நேராக மிதவைக் கயிறு, மூக்கை அரிக்கும் குளோரின் வாசனை. ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பெரியவர்களுக்கென்று அங்கே ஒரு நீச்சல் கழகம் உண்டு. வங்கிக்காரர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், இரண்டு டாக்டரம்மாக்கள் எல்லாம் சேர்ந்து நீந்தி, சேர்ந்து டீ குடித்து, சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எவ்ளோ நாள்தான் மேடம் தனியாவே பண்ணுவீங்க? கிளப்ல ஜாயின் பண்ணுங்க, செம ஜாலியா இருக்கும்" என்பாள். யோசித்துச் சொல்கிறேன் என்பேன். யோசிக்க ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் சின்ன காஞ்சிபுரத்தில் தையல் கடை வைத்திருந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊருக்கெல்லாம் அவள் டெய்லர் அக்கா. எனக்கும் அக்காதான். என்னைவிட ஆறு வயது பெரியவள். என்னைவிட மோசமாக நீந்துகிறவள்.

அக்கா வருவதற்கு முன்னால் அந்தக் கிணறு என் ஒருத்திக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. சொந்தம் என்றால், முசரவாக்கம் நயினார் வீட்டுக் கிணறு அது. அந்த வீட்டுக் கல்யாணங்களுக்கு எங்கள் தறியில்தான் சேலை. அந்தப் பழக்கத்தில் நயினார் வீட்டம்மா என்னை இறங்க விட்டிருந்தார். வட்டக் கிணறு. உள்ளே ஒரு மாட்டுவண்டியைத் திருப்பலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள், அவ்வளவு அகலம். வாரத்தில் ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோரும் உண்டு கண்ணயரும் நேரத்தில், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கள் வீட்டில் இரண்டு தறி, பதினோரு பேர். ஒரு தறி நின்றால் இன்னொன்று தட்டும். இரண்டும் நின்றால் யாராவது யாரையாவது கூப்பிடுவார்கள். பதினாறு வருஷம் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவளுக்கு, காதில் ஒன்றும் விழாத ஓர் இடம் எவ்வளவு பெரிய சொத்து என்று மற்றவர்களுக்கு விளங்கவைக்க முடியாது. தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தால் போதும், உலகம் கதவைச் சாத்திக்கொள்ளும். கேட்பதெல்லாம் என் ரத்தம் ஓடும் சத்தம் ஒன்றுதான்.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சுற்றுகளை நானே எண்ணினேன். முதல் மாதம் பத்துச் சுற்று, பிறகு இருபது, ஒரு கோடையில் அறுபது. மூச்சு முட்டும்போது நிறுத்தாமல் இன்னும் ஒரு சுற்று போட்டால் அதற்கு அப்பால் ஒரு சமவெளி வரும் என்பதை நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கர்வம் உடம்பெல்லாம் ஊறியிருந்தது. என்னால் எங்கேயும் நிற்க முடியாது. வீட்டில், வேலையில், ஒரு பேச்சின் நடுவில்கூட. கால் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். தண்ணீரில் மட்டும் அந்தத் தவிப்புக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது.

ஒருநாள் மூச்சடக்கி அடியில் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டேன். மேலே வந்தபோது நயினார் வீட்டம்மா கிணற்று மேட்டில் வெளிறிப்போய் நின்றிருந்தார். "தோ பாருமா, இனிமே தனியா எறங்காத. நாலு பேரா வா, இல்லன்னா வராத. என் கெணத்துல ஒரு உசுரு போச்சுன்னா நான் இருந்த விரதமெல்லாம் வீணு" என்றார். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர். எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர். அவரோடு வாதாட முடியாது. அந்த நாலு பேரை எங்கே தேடுவது என்று நான் குமைந்துகொண்டிருந்தபோது, அக்கா ஆறு பேரோடு வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு நீச்சல் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வாள். முதுகு வலிக்கு டாக்டர் சொன்னார் என்பாள். "அய்ய, பொம்பளைக்கு ஆசை வர்றதுக்குக் காரணம் வேணுமாடி?" என்றும் கேட்பாள். கடைக்கு வருகிறவர்களை அளவெடுக்கும்போதே பேசிப் பேசி ஆள் சேர்த்துவிட்டாள். இடுப்பில் டேப்பைச் சுற்றியிருக்கும்போது யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தந்த ஒரு மாமி, வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவிலிருந்து, வீட்டில் சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு வருவார். மற்றவர்கள் தறிவீட்டுப் பெண்கள். நீச்சல் உடுப்பு என்று ஒன்று அப்போது எங்கள் ஊர்க் கடைகளில் பெண்களுக்குக் கிடையாது, கிடைத்தாலும் போடமாட்டோம். அக்கா குடைத்துணி வாங்கிவந்து முழங்கால் வரை கால்சட்டையும் அதன்மேல் தொளதொளவென்று ஒரு சட்டையும் எல்லோருக்கும் தைத்தாள். குடைத்துணி உடம்போடு ஒட்டாது, தண்ணீரில் பாரம் கூடாது. "மழையில நனையாதது தண்ணில மட்டும் நனைஞ்சிடுமா?" என்றாள். நனைந்தது. ஆனால் எட்டு பேரும் வரிசையாகப் படியில் நின்றால் ஒரு குடைக்கடை போலிருக்கும்.

சட்டதிட்டங்களும் அவளே வைத்தாள், ஒன்றைத் தவிர. குதிப்பதற்கு முன்னால் மூன்று தடவை கை தட்ட வேண்டும் என்பது நயினார் வீட்டம்மாவின் சட்டம். தவளைகள் விலகிக்கொள்ள அவகாசம். மற்றதெல்லாம் அக்காவுடையது. வாரம் இரண்டு நாள், மத்தியானம் இரண்டரை மணி. யாரும் யாருக்கும் பின்னால் தங்கக்கூடாது. அவள்தான் கடைசியாகக் கரை ஏறுவாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பேர் கூப்பிட வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு. எனக்கு முன்னால் இருந்தவள் அக்கா. ஆகவே என் பேரைக் கூப்பிடுவது அவள் பொறுப்பு. நான் தலையைத் தண்ணீருக்குள் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் நேரம் பார்த்து அவள் குரல் வந்து தட்டும்.

"எதுக்குக்கா இது? கண்ணுக்குத் தெரியிதுல்ல, நான் இருக்கேன்னு?"

"கண்ணு தப்பு பண்ணும்டி. வாய் தொறந்து சொல்லு. சொன்னாதான் இருக்கே."

மாமிக்கு வேறொரு குறை. எல்லோரும் சந்நிதியைச் சுற்றுவதுபோல வலமாகத்தான் கிணற்றைச் சுற்றுவார்கள். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை. எங்கள் ஊரில் வட்டமாக எதைக் கண்டாலும் கால் அந்தப் பக்கம்தான் திரும்பும். நான் மட்டும் எதிர்ச்சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருத்தியின் மூக்கில் என் முழங்கை. "ஏன்டி பொண்ணே, பெருமாளை இப்படித்தான் அப்பிரதட்சிணமா சுத்துவியா? பாவம் சேரும்டி" என்பார் மாமி. வலமாகச் சுற்றிப் பார்த்தேன். முடியவில்லை, உடம்பு இடப்பக்கமாகவே இழுத்தது. திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தனியாகப் பழகியவளின் திமிர் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அந்த ஐப்பசியில் மழை ஓயாமல் கொட்டியது. பல வருஷம் பாதிக்குப் பாதி வறண்டு கிடந்த தாமல் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் போகிறது என்று பஸ்ஸில் போனவர்கள் வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். கரைமேல் நின்றவுடன் கிணறு எனக்குச் சிறுத்துப்போய்விட்டது. சுவரில்லாத தண்ணீர். அக்கரையில் நாலைந்து பனைமரங்கள், மேய்ப்பவர்கள் மாடு குளிப்பாட்டும் ஒரு மேடு. மதகுப் பக்கம் இறங்கி அந்த மேட்டில் ஏறிவிட வேண்டும். அந்த ஆசை வந்த இரவிலிருந்து தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்தது. தண்ணீர் வடிவதற்குள், இந்த வருஷமே. அடுத்து எப்போது நிரம்புமோ, அப்போது எனக்கு என்ன வயதோ.

எங்கள் எட்டுப் பேர் நீச்சல் சங்கத்தில் சொன்னேன். அக்கா உடனே, "எல்லாரும் போலாம்" என்றாள். மாமி மனக்கணக்குப் போட்டு, நம் கிணற்றில் நூற்றிருபது சுற்றுக்குச் சமம் என்றார். யார் புளிசாதம் கொண்டுவருவது, யார் வீட்டில் என்ன பொய் சொல்வது என்று பேச்சு எங்கோ போய்விட்டது.

"கும்பலா போனா அது நீச்சல் இல்லக்கா, திருவிழா."

"திருவிழான்னா இன்னா கொறச்சல்? பெருமாளே தனியா போறதில்ல. கொடை, தீவட்டி, மேளம் எல்லாத்தையும் இட்டுக்கினுதான் போறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் காலை பஸ்ஸில் தனியாகப் போனேன்.

கரையில் ஒரு புங்கமரத்தடியில் சேலையை மடித்து வைத்துவிட்டு இறங்கினேன். முதல் கால் மணி நேரத்தைப்போல ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை. கூப்பிட யாருமில்லை. தலையை உள்ளே கொடுத்து, எண்ணி எண்ணிப் போனேன். நிமிர்ந்து பார்த்தபோது பனைமரங்களைக் காணவில்லை. எதிரே மதகு இருந்தது. நான் கிளம்பிய கரையைப் பார்த்தே நீந்திக்கொண்டிருந்தேன். திரும்பினேன், மறுபடி பனைமரத்தைக் குறிவைத்தேன், மறுபடி நிமிர்ந்தபோது அது என் தோளுக்குப் பின்னால் நின்றது. நான் ஏரியில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தேன். சுவரில்லாத தண்ணீரில் என் உடம்பு அந்த வட்டத்தையே போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை பயம் வந்தது. மல்லாந்து படுத்து, அலை தள்ளிய பக்கம் போய், சேலை வைத்த இடத்திலிருந்து வெகுதூரத்தில் கோரைக்குள் ஒதுங்கினேன். அங்கிருந்து குடைத்துணி உடுப்போடு, ஈரம் சொட்டச் சொட்ட, கரை முழுக்க நடந்து வந்தேன். புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா கடையில் நுழைந்தபோது மெஷினிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்: "தாமல்ல இருந்து ஒரு கிராக்கி வந்துச்சு. ஏரிக்கரையில கறுப்புச் சட்ட போட்டுக்கினு ஒரு பொம்பள நடந்து போச்சாம், பேயா பொம்பளையான்னு தெரியலன்னுச்சு. இந்த ஒலகத்துல அந்தச் சட்டை எட்டுதான் இருக்குது. எட்டும் நான் தச்சது."

நடந்ததைச் சொன்னேன். அவள் என் பாதத்தைக் காட்டச் சொன்னாள். பிறகு கெண்டைக்கால்களை, இரண்டையும், துணியைத் தடவிப் பார்ப்பதுபோல அமுக்கிப் பார்த்தாள். டேப்பை எடுத்து அளந்தாள். வலது கால் ஒரு விரற்கடை பருமன்.

"ஜக்கார்டு மிதிய எந்தக் காலால மிதிப்ப?"

"வலது."

"எத்தினி வருசமா?"

பதினாறு வருஷத்துக்கு மேல். பூவேலைக்காக அந்தக் கனத்த மிதியை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மிதித்த கால் தண்ணீரிலும் அதே வேகத்தில் உதைத்தது. இடது கால் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே உடம்பு இடப்பக்கம் திரும்பியது. வட்டக் கிணற்றில் அது குறையாகத் தெரியவில்லை. வட்டம் போடுகிறவளுக்கு வட்டச் சுவர் ஒத்துப்போனது. தனியாக இருந்ததால் சொல்ல ஆளில்லை. ஆள் வந்த பிறகு, திமிர் என்று நானே சொல்லிக்கொண்டேன். "உனக்கு லெப்ட்ல ஒரு சொவரு வேணும்டி. நான் வரேன்" என்றாள் அக்கா. அரைகுறையாக நீந்துகிறவள், ஆனால் நேராக நீந்துகிறவள். மெஷினில் இரண்டு காலையும் சேர்த்து மிதிப்பவள் அல்லவா.

கார்த்திகையில் ஒரு அமாவாசை, தறிகளுக்கு விடுமுறை. எட்டு பேரும் போனோம். பஞ்சர் கடையிலிருந்து நாலு லாரி டியூப் இரவல். இருவர் இருவராகப் பிரிந்தோம். ஒவ்வொரு ஜோடியிலும் நன்றாக நீந்துகிறவள் இடுப்பில் கயிறு கட்டி டியூபைப் பின்னால் இழுத்துக்கொண்டு வர வேண்டும். இருவருடைய காலும் தரையில் படும்வரை அவிழ்க்கக்கூடாது. என் இடுப்பில் முடிச்சுப் போட்டவள் அக்கா. கை தட்டிவிட்டு இறங்கினோம், ஏரியில் எந்தத் தவளை கேட்டதோ.

அக்கா என் இடப்பக்கம் வந்தாள். நான் சாயும்போதெல்லாம் என் கை அவள் தோளில் இடிக்கும். "தள்ளு" என்பாள். வலப்பக்கம் ஒதுங்குவேன். கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடி இடிப்பேன். எத்தனை அடி வாங்கியிருப்பாளோ, அந்தத் தோள் பிறகு பல நாள் கன்றிக் கிடந்தது. என் வேகத்துக்கு அவளால் வர முடியாது. இருந்தும் வந்தாள். நடு ஏரியைத் தாண்டும்போது அவள் மூச்சு இரைவது தண்ணீருக்குள்ளேயே எனக்குக் கேட்டது. அப்படியும் பேர் கூப்பிட்டாள், "இருக்கேன்" என்றேன், மற்ற மூன்று ஜோடிகளும் பின்னால் எங்கோ ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் சேற்று வாசனை வந்தது. நிமிர்ந்தேன். பனைமரங்கள் பெரிதாக நின்றன. மேட்டில் ஒரு எருமையின் கொம்பு தெரிந்தது, அதன் முதுகில் உட்கார்ந்திருந்த கொக்கு தெரிந்தது. இனி எனக்குச் சுவர் வேண்டாம். கண்ணே கயிறுபோல இழுத்துப் போகும். உடம்பில் ஏதோ ஒன்று கட்டறுத்துக்கொண்டது. இடுப்பில் டியூப் பின்னுக்கு இழுத்தது. அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள். சுற்றுக்குக் கூப்பிடும் கூப்பாடு இல்லை அது. ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, பாதிப் பேர் மட்டும். நான் இடுப்பில் கை வைத்து முடிச்சை இழுத்தேன். டியூப் கழன்றது. பாரம் குறைந்தது. போனேன்.

கால் தரையில் பட்டது. நின்றேன். தாமல் ஏரியைக் கடந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அக்காவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. காற்று டியூபை அவளிடமிருந்து தள்ளிக்கொண்டு போயிருக்கிறது; ஒற்றைக் காலோடு அதைத் துரத்திப் பிடித்திருக்கிறாள். நான் பார்க்கும்போது அதன்மேல் ஈரத்துணிபோலக் கவிழ்ந்து கிடந்தாள். மாமியின் ஜோடி அவளை நோக்கித் திரும்பியிருந்தது. அவர்கள்தான் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

கரையேறியதும் மாமி என்னைக் கட்டிக்கொண்டார். "எவ்வளவு புத்திசாலிப் பொண்ணு! டியூபை அவிழ்த்து விட்டுட்டுப் போனியோ, இவ பொழைச்சாளோ! நானா இருந்தா கை கால் ஓடியிருக்காது." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் வாய் திறக்கவில்லை. அக்கா தலைமுடியைப் பிழிந்துகொண்டே என்னை ஒரு தடவை பார்த்தாள். "புளிசாதம் ஊசிப் போறதுக்குள்ள துன்னுங்கடி" என்றாள்.

அடுத்த வாரம் கிணற்றில் பேர்கள் சுற்றத் தொடங்கின. அக்காவின் முறை வந்தது. என்னைத் தாண்டி எனக்கு அடுத்தவளைக் கூப்பிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் தாண்டினாள். மாமிதான் கேட்டார், "இவளை விட்டுட்டியே?"

"அவ நல்லா நீந்தறவ மாமி. அவளுக்கு எதுக்கு?"

நான் கேட்டது கிடைத்துவிட்டது. தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தால் யாரும் வந்து தட்டமாட்டார்கள். ஏழு பேர் சுற்றிச் சுற்றி இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த தண்ணீரில் நான் எதிர்ச்சுற்றாகப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று வாரம். முன்பு காதில் கேட்ட ரத்த ஓட்டம் அப்போதும் கேட்டது. ஆனால் அது வேறு யாருடையதோபோல இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அக்காவின் முறை வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். தாண்டுவாள்.

நாலாவது வாரம் மற்றவர்கள் மேலே தலை துவட்டப் போனபின் நான் கீழ்ப்படியிலேயே நின்றேன். அவள் கடைசியாக வந்தாள்.

"அக்கா, அன்னைக்கு டியூபை உனக்காக அவுக்கல."

"தெரியும்."

"பின்னால இழுத்துக்கினே இருந்துச்சு. அதான்."

"தெரியும்டி. எனக்கோசரம்னா என் கையில குடுத்துட்டுப் போயிருப்ப."

"நீ கூப்ட்டது கேட்டுச்சு."

முகத்திலிருந்து தண்ணீரை வழித்துவிட்டாள். "ரெண்டு தபாவுமா?"

"ரெண்டு தபாவும்."

மைனாக்கள் கூட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள், கோபமே இல்லாமல், அளவு கேட்பதுபோல: "செரி. இனிமே கூப்ட்டா நிப்பியா?"

நிப்பேன் என்பது சின்னச் சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அடுத்த சுற்றிலேயே என் பேரைக் கூப்பிட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சேற்று வாசனை வந்தது. எருமைக் கொம்பும் கொக்கும் கண்முன் வந்தன. காலடித் தண்ணீரில் என் வலது கால் தானாக அசைந்துகொண்டிருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "பொய் சொல்லாம இருந்தியே, அது போதும். ஆனா கூப்ட மாட்டேன். நீ நிப்பேன்னு நம்பிக்கினு நான் தண்ணில எறங்க முடியாது, பாரு." என் தோளைத் தட்டிவிட்டுப் படியேறினாள். தட்டிய கை இதமாகத்தான் இருந்தது. அதுதான் இன்றைக்கும் தாங்கமுடியாதது.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. தனியாக இறங்க நயினார் வீட்டம்மா விடமாட்டார். ஆகவே சங்கம் போனதோடு கிணறும் போனது. அக்காவோடு ஒரு மனத்தாங்கலும் இல்லை. என் ரவிக்கைகளை அவள்தான் தைத்தாள், என் மூத்தவளின் மஞ்சள் நீராட்டுக்குப் பாவாடை சட்டை தைத்துத் தந்து கூலி வாங்க மறுத்தாள், ஊர் வம்பெல்லாம் பேசினாள். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். கடையை மூடிவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எப்போதாவது போன் செய்வாள். போன மாதம், இந்தக் கல்லூரிக் குளத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நீந்தறியா? நல்லது. கூட யாராச்சும்?"

"தனியாத்தான்க்கா."

"ம்" என்றாள். பிறகு முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள்.

குளத்தில் இரண்டு பக்கமும் மிதவைக் கயிறு இருப்பதால் நான் நேராகத்தான் போகிறேன். கயிற்றுக்கு வலிக்காது. எவ்வளவு இடித்தாலும் ஒன்றும் சொல்லாது. தூரத்தையோ வேகத்தையோ இப்போது நான் கணக்கு வைப்பதில்லை. எனக்கு நானே ஒரு பயிற்சி வைத்துக்கொண்டிருக்கிறேன். எதிர்ச்சுவர் வர நாலு வீச்சு இருக்கும்போது, யாரோ கூப்பிட்டதுபோல, நின்றுவிட வேண்டும். தொடாமல், அங்கேயே, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிது. கை நீண்டுவிடும், கால் உதைத்துவிடும், அந்த நாலு வீச்சுக்காகவே பிறந்தது போல உடம்பு பாய்ந்துவிடும். நான் நடுவில் நிற்பதைப் பார்த்து அந்தப் பெண், "டயர்டா மேடம்?" என்று கேட்பாள். இல்லைமா, நின்று பார்க்கிறேன் என்பேன். அவளுடைய கழகத்தில் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது ஒருநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

நேற்று நின்றேன். இன்று காலை, சுவரைத் தொட்டபிறகுதான் ஞாபகம் வந்தது.